மல்லித் தோட்டத்து நாலுகால் சிலந்தி

சிலந்திக்கு எட்டுக் கால் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அதை நம்பி மதுரைக்குப் போய், விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, எம்.ஃபில். சேர்ந்த பிறகுதான் வெறும் நாலே காலை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே உலகத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவந்தது. உடம்பு மொத்தமும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. பார்த்தால் புழு மாதிரி, உடம்பெல்லாம் வளையம் வளையமாக வரி. கண் கிடையாது. மூச்சுவிடத் தனியாக ஓர் உறுப்பு கிடையாது. தலைப்பக்கம் இரண்டு ஜோடிக் கால், ஊசி மாதிரி வாய், அவ்வளவுதான் சீர்வரிசை. ஆனாலும் அது சிலந்தி வகையறா. சிலந்திப்பேன் என்று தமிழில் சொல்வோம். அதில் இந்த நாலுகால் குடும்பத்துக்கு ஈரியோஃபையிடே என்று பெயர்.

எண்பதுகளின் கடைசியில் இதைப் படிக்க ஆள் குறைவு. படிக்கப் போன எனக்குக் கிறுக்கு என்றுதான் ஊரில் பேச்சு. என்னத்தப் படிக்கிறே என்று அம்மா கேட்டபோது சிலந்திப்பேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"பேன் பாக்கவாடி மதுரைக்குப் போன? என் தலையில இல்லாத பேனா அங்க இருக்கு!"

பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அக்கா, நாரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கு மாப்ள வீட்டுல கேட்டா என்னத்தம்மா சொல்ல? பொண்ணு நல்லா பேன் பாக்கும்னு சொல்லுவோமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அன்று சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

இந்தக் குடும்பத்தில் யார் யார் என்று பிரிப்பது இருக்கிறதே, கண்ணைப் பிடுங்குகிற வேலை. ஸ்லைடில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் விட்டுப் பார்க்கிற லென்ஸை இறக்கினால், காலின் நுனியில் நகத்துக்குப் பக்கத்தில் குட்டி இறகு மாதிரி ஒன்று தெரியும். அந்த இறகில் கிளை நாலா, ஐந்தா, ஆறா என்று எண்ண வேண்டும். முதுகில் வளையம் எத்தனை, தலைக்கு மேலே ஓடு மாதிரி இருப்பதில் கோடு எப்படிப் போகிறது என்று வரைய வேண்டும். ஒரு கிளை கூடினால் இனமே வேறு. எண்ணியதையே எண்ணி எண்ணி எனக்கு ஒரு மாதம் போயிருக்கிறது. கடைசியில் பார்த்தால் தூசு.

ஆனால் அவை வாழ்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி. இலந்தையில் இருப்பது புங்கைக்குப் போகாது, புங்கையில் இருப்பது இலந்தையை மோந்துகூடப் பார்க்காது. சொந்தத்தை விட்டு வெளியே பெண் எடுக்காத வீடு மாதிரி. புங்க இலையில் விரல் விரலாகக் கட்டி கட்டியாக எழும்பியிருப்பது ஒரு இனத்தின் வேலை. இலந்தைக் கொப்பில் முடிச்சு விழுவது இன்னொன்றின் வேலை. எங்கள் வறண்ட காட்டில் ரோட்டோரம் நடந்தாலே எனக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும். இறக்கை இல்லாத இந்த நாலுகால், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு நடந்து போய்ச் சேராது. ஆகவே இலையின் விளிம்புக்கு வந்து, வாலை ஊன்றிக்கொண்டு நட்டமாக எழுந்து நிற்கும். காற்று வந்தால் காற்றோடு போகும். தேனீ உரசினால் தேனீயோடு போகும். ஆள் உரசினால் ஆளோடு போகும். இதையெல்லாம் நான் நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். எழுதி என்ன பிரயோசனம்?

என் கைடு நல்ல மனிதர். ஒருநாள் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லிகை நிறைய ஆச்சே. மல்லிகையில வர்ற இனத்தையும் சேர்த்துக்கோ. தீசிஸ் கனமா இருக்கும்" என்றார். மல்லிகைச் செடியில் இது பிடித்தால் இலையிலும் தண்டிலும் புதுத் துண்டின் நூல் மாதிரி வெள்ளையாக ரோமம் எழும்பும். அந்த ரோமத்துக்குள்தான் இவை குடியிருக்கும். செடி குறுகிப்போய், அரும்பு கட்டாமல் நின்றுவிடும். எனக்கு அதைப் புத்தகத்தில் மட்டும்தான் தெரியும். அக்கா தோட்டத்தில் அப்படி ஒரு இலைகூட நான் பார்த்ததில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பரளச்சிப் பக்கம். சுற்றிலும் மானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, மழை பெய்தால் சாப்பாடு. அதற்கு நடுவில் அவர்கள் கிணற்றில் மட்டும் சித்திரையிலும் தண்ணீர் கிடந்தது. ராமேஸ்வரம் பக்கமிருந்து நாற்று வாங்கிவரச் செய்து, நாற்பது சென்ட்டில் மல்லிகை வைத்தவள் அக்கா. குடம் குடமாக ஊற்றி வளர்த்தவளும் அவள்தான். அத்தானுக்குப் புத்தி எப்போதும் திருப்பூரில் இருந்தது. "மழைய நம்பி எவன் இங்க கெடப்பான்? பனியன் கம்பெனியில ரெண்டு பேரும் சேந்தா ராஜா மாதிரி இருக்கலாம்" என்பார். பூ வருகிறவரைக்கும் அந்தப் பேச்சு அடங்கிக் கிடக்கும், பூ குறைந்தால் எழும்பும். அக்கா ஒருமுறை அவரோடு போய் இருபது நாள் இருந்து பார்த்தவள். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. ஒரு குடம் தண்ணீருக்கு விடிகாலை வரிசை. வாந்தியும் பேதியுமாகத் திரும்பி வந்தாள். "அந்தத் தோட்டம் இருக்குற மட்டுக்குந்தாண்டி நான் இங்க. அது போச்சுன்னா அவுக என்னைய இழுத்துக்கிட்டுப் போயிருவாக. அங்க போனா நான் செத்துருவேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அரும்பு பறிக்க அவளிடம் ஒரு துணி இருந்தது. பழைய நூல்சேலையில் கிழித்தது. இடுப்பில் கட்டி நுனிகளைத் தூக்கிச் செருகினால் முன்னால் பை மாதிரி மடி விழும். இரண்டு கையாலும் பறித்து அதில்தான் போடுவார்கள். மடித்துணி என்பாள். பருவத்தின் முதல் பறிப்புக்குக் கட்டிய துணியை, பூ ஓய்கிறவரைக்கும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. நனைத்தால் பூ குறையும். அவளுடன் பறிக்க வருகிற பெண்கள் எல்லோரும் இதைச் சாமி மாதிரி நம்பினார்கள். பறித்து முடித்ததும் உதறிக் கொடியில் போடுவது, மறுநாள் அதையே எடுத்துக் கட்டுவது. மூன்று மாத வியர்வையில் துணி மொடமொடவென்று ஆகிவிடும். நான் மூக்கைப் பொத்தினால், "ஒன் லேபுக்குள்ள நீ செருப்பக் கழட்டிட்டுப் போகல? அது மாதிரிதான். வாய மூடிக்கிட்டுப் பறி" என்பாள்.

அந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை. விடிகாலையில் அவளோடு நானும் பறித்தேன். அவள் துணியைக் கட்டிக்கொண்டு நான், சேலை முந்தியைச் செருகிக்கொண்டு அவள். பறித்த கையோடு, எம்.ரெட்டியபட்டி போகிற வழியில் ஒரு தோட்டத்தில் மல்லிகைக்கு வெள்ளை பிடித்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு பஸ் ஏறினேன். துணியைச் சுருட்டி ஜோல்னாப் பையில் போட்டது அங்கே இறங்கிய பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

அந்தத் தோட்டக்காரர் பெரியவர். துக்கம் தாளாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். "பூசணம் புடிச்சுப் போச்சு தாயி. எம்புட்டு வேணும்னாலும் ஒடிச்சுக்க. எனக்கு இனிமே எதுக்கு?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கொப்பைத்தான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, புத்தகத்தில் போட்டிருந்த படத்தைவிட நன்றாக இருந்தது. பாலிதீன் பையும் கொண்டுபோயிருந்தேன். ஆனால் அந்த வெயிலில் பாலிதீனுக்குள் இலை வியர்த்துவிடும், அந்த ஈரத்திலேயே இவை மூழ்கிச் செத்துவிடும். உலர்ந்த துணியில் சுற்று என்பது எங்கள் லேபில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். பையில் உலர்ந்த துணி இருந்தது. சுற்றினேன். எவ்வளவு பக்குவமாகச் சுற்றினேன் தெரியுமா? ஒரு இலைகூடக் கசங்கக் கூடாது என்று குழந்தையைச் சுற்றுவது மாதிரி.

மதியம் அக்கா வீட்டுக்கு வந்து, கொப்புகளை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். துணியைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய் நன்றாக உதறி, கொடியில் போட்டேன். அக்கா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு மதுரைக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு தென்பக்கத்து வரிசையிலிருந்து பறிக்க ஆரம்பித்திருப்பாள். அவள் எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாள்.

திரும்ப வர நாற்பது நாள் ஆயிற்று. என்னைக் கண்டதும் அக்கா, "ஏடி, வந்து பாரு! இந்த வருசம் எலையும் பூத்துருக்கு" என்று சிரித்துக்கொண்டே இழுத்துக்கொண்டு போனாள். தென்பக்கத்து முதல் மூன்று வரிசை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பையிலிருந்த கைலென்ஸை வைத்துப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உயிரோடு, அத்தனை அத்தனையாய், ரோமத்துக்குள் வெள்ளைப் பொடி நெளிகிற மாதிரி நெளிந்துகொண்டிருந்தன. ஆகா என்று வாய்விட்டுச் சொன்னேன். அதற்கப்புறம்தான் நான் யார் தோட்டத்தில் நிற்கிறேன் என்று உறைத்தது.

"என்னடி, நல்லதா கெட்டதா?" என்றாள் அக்கா.

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்றேன். பார்ப்பதற்கு இன்னும் என்ன இருந்தது?

மதுரைக்கு ஓடி, கைடிடம் இலையைக் காட்டினேன். "அருமையா வந்திருக்கே! எங்க கிடைச்சுது?" என்றார். மருந்து என்ன சார் என்று கேட்டேன். "அது விவசாயம் படிச்சவங்க வேலைம்மா. நாம பேர் சொல்றவங்க" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் அதுதான் செய்துகொண்டிருந்தோம். எனக்குத்தான் அன்றைக்கு அவர் மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

அதற்குள் அத்தான் டவுனில் மருந்துக்கடைக்குப் போய், பருத்திப் புழுவுக்கு அடிக்கிறதை வாங்கி இரண்டு தடவை அடித்துவிட்டார். இந்த நாலுகாலைத் தின்று வாழ்கிற வேறொரு குடும்பத்துச் சிலந்திப்பேன் அதே இலையில் ஓடித் திரியும். எட்டுக் கால், வெறும் உடம்பு, ஒளிய இடம் கிடையாது. மருந்தில் அவை செத்தன. ரோமத்துக்குள் இருந்தவை சௌக்கியமாக இருந்தன. அடுத்த வாரம் வெள்ளை தண்டுக்கு ஏறிவிட்டது.

"பூச்சி மருந்து அடிக்காதீங்க அத்தான். அது பூச்சி இல்ல" என்றேன்.

"பூச்சி இல்லாம பின்ன யானையா?"

"சிலந்தி வகை. ஆனா நாலு காலுதான்."

"காலு எத்தனன்னா ஒன்கிட்டக் கேட்டேன்? அது சாகுறதுக்கு என்ன அடிக்கணும்? அதச் சொல்லு."

இறகில் எத்தனை கிளை என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வார்களே, அந்தச் சுரைக்காய் நான்தான்.

லைப்ரரியில் ஒரு வாரம் கிடந்து தேடினேன். பிடித்த கொப்பை வெட்டி எரிக்கவும், கந்தகம் தூவவும் என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்தது. அன்றே இன்லேண்ட் லெட்டரில் எழுதிப் போட்டேன். வெயிலில் தூவக் கூடாது என்று எழுதவில்லை. புத்தகத்தில் அது இல்லை. அதை எழுதியவனுக்கு அக்னி நட்சத்திரம் தெரியாது, சரி. எனக்குத் தெரியும்தானே? பிறந்ததிலிருந்து அந்த வெயிலில் வெந்தவள்தானே நான்? பட்டாசாபீசில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி அத்தான் கந்தகப் பொடி வாங்கி, பழைய துணியில் கட்டி, ஒரு செடி விடாமல் தட்டித் தூவியிருக்கிறார். நாலாம் நாள் நான் போனபோது இலையெல்லாம் கருகி, தோட்டமே வெந்நீர் ஊற்றினது போல இருந்தது. அத்தான் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெட்டச் சொன்னதை மட்டும் அக்கா கேட்கவில்லை. "அரும்பு கட்டிக்கிட்டு இருக்குற கொப்பப் போய் எப்பிடிடி வெட்டுவேன்? பாவம் புடிக்கும்" என்றாள். கருகினது துளிர்த்து வந்ததும், வெட்டாத கொப்பிலிருந்த வெள்ளை துளிருக்கும் ஏறிக்கொண்டே போனது. அரும்பு வர வேண்டிய இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சம் வந்தது. ஆனாலும் தினமும் விடியுமுன் எழுந்து, கொடியிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு வரிசை விடாமல் போய்த் தேடினாள். மடி நிறைந்த இடத்தில் ஒரு கைப்பிடி. வெள்ளை பிடித்த வரிசையில் உரசிய துணி, பிடிக்காத வரிசையிலும் உரசிக்கொண்டு போவதை நான் கிணற்று மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்தத் துணியக் கொதிக்கிற தண்ணியில போட்டுரு."

"நனைச்சா இருக்குற பூவும் போயிருமேடி. நீயும் அவுகள மாதிரி கோட்டி புடிச்சாப்புல பேசாத."

"இல்லக்கா, துணியில அது ஒட்டிக்கிட்டு வரும். ஒரு வரிசையில இருந்து இன்னொரு வரிசைக்கு..."

"துணி என்னடி செய்யும்? எத்தன வருசமாக் கட்டுறேன். முன்னால வந்துச்சா?"

முன்னால் வராதது இந்த வருஷம் ஏன் வந்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் துணியை எரித்திருப்பாள். வடக்குப் பக்கத்துப் பாதித் தோட்டமாவது மிஞ்சியிருக்கும். காற்றில்கூட வந்திருக்கலாமே என்று ஒரு பக்கம் மனசு வாதாடியது. தேனீ கொண்டுவந்திருக்கலாம், பறிக்க வந்த வேறு யாராவது கொண்டுவந்திருக்கலாம். எல்லாம் சாத்தியம்தான். எந்த மைக்ராஸ்கோப்பிலும் அதைப் பார்க்க முடியாது. அந்தத் தோட்டத்துச் சிலந்திக்கும் இந்தத் தோட்டத்துச் சிலந்திக்கும் இறகில் ஒரே கிளை எண்ணிக்கைதான் இருக்கும், எப்படி வந்திருந்தாலும். தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒரு கோடை முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்பார்கள். நான் விட்டது அக்கா மடியில்.

ஆடியில் செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். மல்லிகை வேர் லேசில் வராது. அத்தான் கடப்பாரை போட்டு நெம்ப, அக்கா இழுத்தாள். நானும் போய் இழுத்தேன். நான் ஸ்லைடுக்கு ஒட்டிய சீட்டில் 'செடி: மல்லிகை, இடம்: பரளச்சி அருகே' என்று என் கையால் எழுதினேன். கைடு அந்த அத்தியாயத்தைத்தான் ரொம்பப் புகழ்ந்தார்.

ஆவணி பிறந்து, அவர்கள் திருப்பூர் கிளம்பினார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். அத்தான் மேலே ஏறி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ இல்லை. அவளை நான் பூ இல்லாமல் பார்த்ததே கிடையாது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உளறிக் கொட்டினேன். "அக்கா, அந்த ரெட்டியபட்டித் தோட்டத்துக் கொப்ப நான் ஒன் மடித்துணியிலதான் சுத்திக் கொண்டாந்தேன். நான்தான் கொண்டாந்து விட்டுட்டேன். காத்துலயும் வந்துருக்கலாம், ஆனா..."

"எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ துணியப் பிரிச்சதையும் பாத்தேன், தோட்டத்துல ஒதறுனதையும் பாத்தேன். நோவு புடிச்ச கொப்புன்னு கண்டா எனக்குத் தெரியாதா? அய்யய்யோன்னு சத்தம் போடத்தான் கைய ஒதறிட்டு எந்திரிச்சேன். அப்புறம், இவ இதத்தான படிக்கா, இவளுக்குத் தெரியாததையா நாம சொல்லப் போறோம், சொன்னா கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் போயிருவான்னு திரும்ப உக்காந்து பாத்திரத்தத் தேச்சேன். எல வெளுத்தப்பக்கூட ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னு சிரிச்சு மழுப்புனேன், துணிய நனைக்க மனசு வராம ஒன்கிட்டச் சாதிச்சேன். நானும்தான சும்மா இருந்தேன்? என் தப்புந்தான்."

அத்தான் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தான். இல்லக்கா, ஒன் தப்பு இல்ல என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் நகர்ந்தபோது அவள்தான் என் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.